கணிப்பொறியும் நிலைமின்சாரமும்

மின்சாரம் என்றதும் நம் நினைவுக்கு வருவன கம்பியும் விளக்கும் மின்விசிறியுமே. ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் கண்டறிவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே மனிதன் ஓடாத மின்சாரத்தைக் கண்டிருந்தான். பொருளின் மேற்பரப்பில் தங்கி நிற்பதால் அதனை நிலைமின்சாரம் என்கிறோம். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்ப்பதும், செயற்கை இழை ஆடையைக் களையும்போது படபடவென ஒலி எழுவதும் அதன் செயல்களே. சிறுவர்க்கு விளையாட்டாகத் தோன்றும் இவ்வாற்றல் கணிப்பொறியின் உள்ளுறுப்புகளுக்குப் பகையாகும். அஃது எவ்வாறு என்பதையும், காக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த வரலாறு

மரப்பிசின் இறுகி உண்டாகும் அம்பர் என்னும் கல்லைத் தேய்த்தால் அது துரும்பை ஈர்க்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அவர்கள் மொழியில் அதன் பெயர் 'எலெக்ட்ரான்'. 1600-இல் ஆங்கில அறிஞர் வில்லியம் கில்பர்ட், காந்தம் பற்றிய தம் இலத்தீன் நூலில் அப்பெயரையொட்டி ஆக்கிய சொல்லே 'எலெக்ட்ரிசிட்டி' என்பதற்கு வேராயிற்று. பாரசீகர் அக்கல்லைக் 'காஹ்ருபா' என்றனர். 'காஹ்' என்பது வைக்கோல்; 'ருபா' என்பது கவர்வது. அச்சொல் அரபு மொழியிற் புகுந்து 'கஹ்ரபா' ஆகி, இன்று மின்சாரத்திற்கே பெயராய் வழங்குகிறது. வளைகுடா நாடுகளிற் பணிபுரிந்து திரும்பியோர் நன்கறிந்த சொல் அது. மேலைமொழிகளிலும் அரபியிலும் மின்சாரம் பெயர் பெற்றது நிலைமின்சாரத்தால்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது.

தோன்றும் விதம்

இரு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலுள்ள எலெக்ட்ரான்களுள் சில மற்றொன்றிற்குச் செல்கின்றன. இழந்த பொருள் நேர்மின்னூட்டமும், பெற்ற பொருள் எதிர்மின்னூட்டமும் அடைகின்றன. உலோகம் போன்ற கடத்தி நிலத்தோடு தொடர்பு கொண்டிருந்தால் அம்மின்னூட்டம் உடனே நிலத்திற்குச் சென்றுவிடும். பிளாஸ்டிக், தெர்மோகோல், செயற்கை இழை ஆகியவற்றில் அது செல்ல வழியின்றித் தங்கிவிடும். மனித உடல் கடத்தியே எனினும், ரப்பர் செருப்பு அதனை நிலத்திலிருந்து பிரித்துவிடுவதால் அதுவும் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கிறது.

உலர்ந்த காற்றில் கம்பள விரிப்பின்மேல் நடப்பவர் உடலில் 35,000 வோல்ட் வரை மின்னழுத்தம் சேரக்கூடும் என்றும், ஈரப்பதம் மிக்க காற்றில் அது 1,500 வோல்ட் அளவிற்குக் குறையும் என்றும் இத்துறைக் கையேடுகள் குறிப்பிடுகின்றன. வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட் உயிரைப் பறிக்க, 35,000 வோல்ட் வெறும் சுருக்கென்ற உணர்வோடு நீங்குவது ஏன் என்று மாணவர் வினவலாம். உயரம் வேறு, அளவு வேறு. பனையின் உச்சியிலிருந்து வீழும் ஒருதுளி நீர் ஆளைச் சாய்ப்பதில்லை. ஆனால் அடியில் இட்ட மாக்கோலத்தை அது கலைத்துவிடும். சில்லின் நிலை அக்கோலத்தின் நிலையே.

சில்லின் மென்மை

கணிப்பொறிச் சில்லில் இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் டிரான்சிஸ்டர்கள் செறிந்துள்ளன. அவற்றினுள் மின்னோட்டத்தைத் தடுத்து நிற்கும் காப்புப் படலத்தின் பருமன், தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. சேர்ந்திருந்த மின்னூட்டம் நொடிப்பொழுதிற்குள் பாயும்போது அப்படலம் துளைபடுகிறது, நுண்கம்பிகள் உருகுகின்றன. சில்லுகளிலேயே பாதுகாப்புச் சுற்றுகள் அமைந்திருப்பினும் அவற்றின் ஆற்றலுக்கும் எல்லையுண்டு.

இங்கு நாம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஏறத்தாழ 3,000 வோல்ட் அளவை எட்டினால்தான் மனிதர் அதிர்ச்சியை உணர்வர். சில்லுகளுட் பலவோ சில நூறு வோல்ட்டிலேயே கெட்டுவிடும். அதனினும் குறைந்த அளவில் கெடுவனவும் உள. எனவே 'எனக்கு எதுவும் அடிக்கவில்லையே' என்பது சான்றாகாது.

கேடும் இருவகைப்படும். ஒன்று, உறுப்பு உடனே செயலிழப்பது. மற்றொன்று, குறைப்பட்ட உறுப்பு சிலகாலம் இயங்கிப் பின்னர்க் காரணம் தெரியாமல் தடுமாறுவது. இரண்டாவதே கொடிது. ஆய்வேட்டின் இறுதி இயலைத் தட்டச்சு செய்யும் நாளில் கணிப்பொறி நின்றுபோனால், திங்கள் பலவற்றுக்கு முன் நினைவகத் தகட்டைத் தொட்ட விரலை எவர் ஐயுறுவர்?

கையாளும் முறை

கடைகளில் 'ராம்' எனப்படும் நினைவகத் தகட்டை மாற்றுவதாகக் கொள்வோம்.

1. கணிப்பொறியை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கிவிடுதல் வேண்டும். கம்பளமும் தெர்மோகோலும் பிளாஸ்டிக் உறைகளும் அருகில் இருத்தலாகாது. பருத்தியாடை நன்று.

2. உள்ளுறுப்பைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுதல் வேண்டும். மின்னழுத்த வேறுபாடே பொறிக்குக் காரணம். தொட்டவுடன் உடலும் பெட்டியும் ஒரே அழுத்தம் அடைகின்றன. எழுந்து நடந்து மீண்டு வந்தால் மறுபடியும் தொடுதல் வேண்டும்.

3. மணிக்கட்டுப் பட்டை கிடைத்தால் அணிந்து, அதன் கவ்வியை அவ்வுலோகத்தில் மாட்டலாம். பட்டையினுள் 10 இலட்சம் ஓம் மின்தடை உள்ளது. தவறி 230 வோல்ட் தொட நேர்ந்தாலும் கால் மில்லியாம்பியருக்கும் குறைந்த மின்னோட்டமே உடலிற் பாயும்படி அது காக்கிறது. சிக்கனம் கருதி வெறும் செம்புக்கம்பியைக் கையிற் சுற்றிக்கொள்வது உயிருக்கே கேடாகும்.

4. தகட்டைப் பொருத்தும் வேளை வரை உறையிலேயே வைத்திருந்து, பின்னர் ஓரங்களை மட்டும் பற்றி எடுத்தல் வேண்டும். பொன்னிற முனைகளில் விரல் படலாகாது. வெள்ளிநிற உறை புற மின்னூட்டத்தையும் தடுக்கும். இளஞ்சிவப்பு உறை தான் மின்னூட்டம் சேர்க்காதேயன்றிப் புறத்தேயிருந்து வருவதைத் தடுக்காது. சாதாரணப் பிளாஸ்டிக் பை அறவே ஆகாது.

5. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குத் தகட்டை மாற்றும்போது உறையிலிட்டே கொடுத்தல் நலம்.

6. தூசு நீக்கச் செயற்கை இழைத் துணியையோ வீட்டுத் தூசு உறிஞ்சியையோ உள்ளே செலுத்தலாகாது. அவையும் மின்னூட்டம் உண்டாக்குவனவே.

மின்வழங்கிப் பெட்டியையும் பழைய குழாய்த் திரைப்பெட்டியையும் மாணவர் திறத்தலே கூடாது. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் அவற்றுள் உயர்மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நம் நாட்டில்

கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று நமக்கு இயல்பான துணையே. ஆயினும் ஈரக்காற்றிலும் 1,500 வோல்ட் சேரக்கூடும் என முன்னர்க் கண்டோம். அன்றியும், குளிர்சாதனப் பொறி காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுத்துவிடுகிறது. கணிப்பொறியைக் காக்கவென அமைத்த குளிரறையிலேயே இக்கேடு மிகுவது வியப்பன்றோ! மின்செருகியின் மூன்றாம் முனையாகிய 'எர்த்' முனையை ஒடித்துவிட்டு இருமுனைத் துளையிற் செருகும் பழக்கமும் ஒழிதல் வேண்டும். அவ்விணைப்பு உண்மையிலேயே நிலத்தைச் சேர்கிறதா என மின்பணியாளரைக் கொண்டு அறிந்துகொள்வது நிருவாகத்தின் கடமையாகும்.

ஊர்ப் பெரியவர்களின் நன்கொடையாலும் மாணவர் கட்டணத்தாலும் வாங்கப்படும் கணிப்பொறிகள் ஒருவர்க்கு உரியன அல்ல. பின்வரும் மாணவர்க்கும் உரியன. அச்சத்தால் அவற்றைத் தொடாதிருத்தலும் வேண்டா. அறியாமையால் தொட்டுக் கெடுத்தலும் வேண்டா. தொடுமுன் உலோகத்தைத் தொடும் சிறு பழக்கத்திற்குச் செலவு ஏதுமில்லை. அதனை மாணவர்கள் இன்றே மேற்கொள்வார்களாக.