ஆடாமல் அசையாமல் வீடியோ எடுப்போம்



வேலை மாற்றலாகிச் சித்தூருக்கு நாங்கள் வந்த முதல் வருடம் அது. காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோவிலில், விநாயக சதுர்த்தியன்று தொடங்கும் பிரம்மோற்சவம் 21 நாட்கள் நடந்து, தெப்பத்தோடு நிறைவு பெறும். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து ஆரணியில் இருக்கும் என் அம்மாவுக்குத் தெப்பம் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் முழங்கால் வலி. கூட்டத்தில் குளத்துப் படியில் நிற்க முடியாது. "நீ படம் புடிச்சிகினு வா கண்ணு, நான் ஊட்லயே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

நானும் கூட்டத்துக்குப் பின்னால் மேல்படியில் நின்றபடி, செல்போனின் ஜூமை எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, 40 நிமிடம் படம் பிடித்தேன். கையில் இருந்த சின்னத் திரையில் பார்த்தபோது பிரமாதமாகத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் ஆரணிக்குப் போய் டி.வி.யில் போட்டேன். தெப்பம் மட்டுமா ஆடியது? குளம் ஆடியது, கோபுரம் ஆடியது, விளக்கெல்லாம் கோடு கோடாக ஓடியது. அம்மா மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "தல சுத்துது, நிறுத்திடுப்பா" என்றார்.

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கதைதான். பொங்கல் விழாவில் பேத்தி ஆடிய நடனத்தைக் கடைசி வரிசையிலிருந்து ஜூம் போட்டு எடுத்து, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு அனுப்புகிறோம். அவர்கள் பாவம், "நல்லா இருக்குது" என்று சொல்லி மூடி வைத்துவிடுகிறார்கள். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு வீடியோ என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. வர முடியாதவர்களுக்கு நாம் அனுப்பும் கண் அது. ஆகவே அதைக் கொஞ்சம் ஆடாமல் அனுப்பக் கற்றுக்கொள்வோம்.

ஜூம் போட்டால் ஏன் ஆடுகிறது?

வீட்டில் ஒட்டடைக் கம்பு இருந்தால் எடுத்துப் பாருங்கள். பிடியில் உங்கள் கை ஒரு விரற்கடை அசைந்தால், மேலே நுனி ஒரு முழம் அசையும். கம்பு நீளமாக நீளமாக, அதே சிறு அசைவு நுனியில் பெரிதாகும். ஜூம் என்பதும் இப்படி ஒரு நீளக் கம்புதான்.

கணக்காகவும் சொல்லலாம். புகைப்படக்காரர்கள் சாதாரண லென்ஸ் என்று சொல்லும் 50 மில்லிமீட்டர் லென்ஸ், பக்கவாட்டில் ஏறக்குறைய 40 டிகிரி அகலத்தைப் பார்க்கிறது. 400 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் பார்ப்பது ஏறக்குறைய 5 டிகிரி மட்டுமே. நம் கை அரை டிகிரி அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் லென்ஸில் அது படத்தின் அகலத்தில் 80-ல் ஒரு பங்கு. இரண்டாவதில் 10-ல் ஒரு பங்கு! 55 அங்குல டி.வி.யின் அகலம் சுமார் 4 அடி. அதில் முதல் படம் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் நகரும். இரண்டாவது படம் கிட்டத்தட்ட 5 அங்குலம் தாவும். கை அசைந்தது ஒரே அளவுதான்.

இன்றைய செல்போன்களின் முதன்மை லென்ஸ், இந்தக் கணக்கில் 25 மில்லிமீட்டரை ஒட்டியது; 70 டிகிரிக்கு மேல் பார்க்கும். அதனால்தான் ஜூம் இல்லாமல் எடுத்தால் ஆட்டம் அவ்வளவாகத் தெரிவதில்லை. 10 மடங்கு ஜூம் போட்டால் பார்வை 8 டிகிரிக்குச் சுருங்கிவிடுகிறது. அதிலும் லென்ஸ் செய்யும் ஜூம் வேறு, டிஜிட்டல் ஜூம் வேறு. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுவில் ஒரு துண்டை வெட்டிப் பெரிதாக்குவதுதான். ஆட்டமும் பெரிதாகும், தெளிவும் குறையும்.

காமிராவே பார்த்துக்கொள்ளாதா?

ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஆட்டத்தைச் சரிசெய்யும் லென்ஸை கேனன் நிறுவனம் 1995-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2012-ல் நோக்கியா லூமியா 920 மூலம் அந்த வசதி செல்போனுக்கும் வந்தது. உள்ளே இருக்கும் கைரோ என்ற சிறு கருவி அசைவை அளக்கும். அதற்கு எதிர்த்திசையில் ஒரு லென்ஸோ, படம் விழும் சென்சாரோ மெல்ல நகர்ந்து ஈடுகட்டும். இன்னொரு முறையில் எந்தப் பாகமும் நகராது. படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு, மீதியை இப்படியும் அப்படியும் நகர்த்திக் காமிராவே சமன் செய்யும்.

இரண்டுக்கும் எல்லை உண்டு. விரல் நடுக்கத்தைப் போக்கும். உடம்பே சாய்ந்தாடினால் ஈடுகொடுக்க முடியாது. இரவில் இன்னொரு சிக்கல். வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் காமிரா கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அந்த நேரத்தில் கை அசைந்தால் விளக்கு புள்ளியாக விழாமல் கோடாக விழுந்துவிடும். அதன்பிறகு படத்தை எப்படி நகர்த்தினாலும் கோடு கோடுதான். என் தெப்ப வீடியோவுக்கு நேர்ந்தது இதுவே.

பழைய கல்யாண வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். தோளில் தூக்கி வைத்த கனமான காமிரா. எடை அதிகம் என்பதாலும், தோள் தாங்கியதாலும் அது சட்டென்று ஆடாது. உள்ளங்கையில் அடங்கும் செல்போனுக்கு அந்தக் கனம் இல்லை. ஆகவே நாம்தான் அதற்குத் தோளாக இருக்க வேண்டும்.

முதல் மருந்து: கிட்டப் போங்கள்

ஜூமைத் தொடுவதற்கு முன், "இன்னும் பத்தடி முன்னால் போக முடியுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூரம் பாதியானால் தேவைப்படும் ஜூமும் பாதி, ஆட்டமும் பாதி. பொங்கல் விழாவுக்கு அரை மணி முன்னதாகப் போய் நடைபாதை ஓரத்து நாற்காலியைப் பிடிப்பது, புதிய செல்போன் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும், செலவும் இல்லை.

இரண்டாவது: உடம்பே முக்காலி

1. செல்போனைக் குறுக்குவாட்டில் இரண்டு கைகளாலும் பிடியுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கையை முன்னே நீட்டிப் பிடித்தால் அது ஒட்டடைக் கம்புதான்.

2. கால்களைச் சற்று அகட்டி நின்று, தூணிலோ சுவரிலோ முதுகைச் சாயுங்கள். உட்கார இடம் இருந்தால் இன்னும் நல்லது: முழங்காலை மடக்கி, அதன்மேல் முழங்கைகளை ஊன்றலாம்.

3. மூச்சை வெளியே விட்டபடி மெதுவாக எடுங்கள். ஓடிவந்த மூச்சிரைப்போடு ஜூம் போடாதீர்கள்.

4. பக்கவாட்டில் திரும்பி எடுக்க வேண்டுமானால், காட்சி எங்கே முடியுமோ அந்தப் பக்கம் பாதங்களை வைத்து நின்றுகொள்ளுங்கள். இடுப்பை மட்டும் திருப்பித் தொடக்கத்துக்கு வந்து, அங்கிருந்து மெல்ல அவிழ்ந்து வாருங்கள். மாற்றிச் செய்தால் பாதி வழியில் உடம்பு முறுக்கிக்கொண்டு கை ஆடும்.

மூன்றாவது: அரிசிப் பை

துணிப்பையில் ஒரு கிலோ அரிசி போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர், நாற்காலி முதுகு, கார் ஜன்னல் எதன்மேலும் இதை வைத்து, நடுவில் குழித்துச் செல்போனை அழுத்திவிட்டால் அசையாது. காட்டு விலங்குகளைப் படம் எடுப்பவர்கள் இதே போன்ற பையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

முக்காலி வைத்திருப்பவர்கள் நடுக்குழாயை உயர்த்தாமல் கால்களை மட்டும் நீட்டுங்கள். காற்று அடித்தால் நடுவில் ஒரு பையைத் தொங்கவிடுங்கள். பழைய வகைக் காமிராவானால், முக்காலியில் ஏற்றியதும் ஆட்டம் நீக்கும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே படத்தை நகர்த்தும்.

முக்காலி விரிக்க இடமில்லாத கூட்டத்தில் ஒரு கயிறு போதும். முக்காலியில் மாட்டும் கால் அங்குல திருகாணியில் நைலான் கயிற்றைக் கட்டி, அதைக் காமிராவின் அடியில் முடுக்கி, மறுமுனையைக் காலால் மிதித்து மேல்நோக்கி விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். மேலும் கீழும் ஆடுவது பெரும்பாலும் நின்றுவிடும். செல்போனுக்கு இதே திருகாணி ஏறும் பிடிப்பான் கடைகளில் கிடைக்கிறது.

நான்காவது: ஓடும்போது ஜூம் வேண்டாம்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜூமை உள்ளே வெளியே இழுப்பதுதான் பார்ப்பவர் தலையைச் சுற்ற வைக்கும் முதல் காரணம். ஜூமை முதலில் வையுங்கள், பிறகு பதிவு செய்யுங்கள், எட்டுப் பத்து நொடி அசையாமல் நில்லுங்கள், நிறுத்துங்கள். அப்புறம் அடுத்த கோணம். முதலில் முழு இடமும் தெரியும் அகலக் காட்சி, பிறகு ஓர் அருகுக் காட்சி, மறுபடி அகலக் காட்சி என்று மாற்றி மாற்றி எடுத்தால் பத்து நிமிட வீடியோவே போதும்.

கணினியில் ஆட்டத்தைக் குறைக்கும் மென்பொருள்களும் உள்ளன. அவை ஓரங்களை வெட்டித்தான் சரிசெய்யும். ஆகவே எடுக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

நம் பக்கத்துக் காட்சிகள்

திருமலைக் கோவிலுக்குள் செல்போனுக்கும் காமிராவுக்கும் அனுமதி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியிலும் எங்கே எடுக்கலாம் என்பதில் தேவஸ்தானத்தின் அன்றைய அறிவிப்பை மதித்து நடப்போம். ஆனால் நம் பக்கத்தில் வேறு நல்ல காட்சிகளுக்குப் பஞ்சமில்லை.

2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிந்தபோது, சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் காண 2019-ல் 5,000 பேர் அமரும் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. இணையத்தில் முன்பதிவு செய்து போகலாம். 2023 ஜூலை 14 அன்று பிற்பகல் 2.35 மணிக்குச் சந்திரயான்-3 கிளம்பியது இங்கிருந்துதான். முழு ஜூமில் ராக்கெட்டைத் துரத்தினால், சில நொடிகளில் அது கட்டத்தை விட்டு ஓடிவிடும். பிறகு வெறும் வானம்தான். அகலமாக வைத்துத் தொடங்கி, முழங்கைகளை விலாவோடு ஒட்டியபடி, இடுப்பிலிருந்து மெல்லப் பின்னால் சாய்ந்து தொடருங்கள். இன்னொன்று: ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 10 கிலோமீட்டர் தள்ளி நின்றால், அந்த உறுமல் உங்களை வந்தடைய ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். அது வந்து நெஞ்சில் மோதும்போது கை தானாகத் துள்ளும். வரப்போகிறது என்று தெரிந்திருந்தால் துள்ளாது.

அருகிலேயே பழவேற்காடு ஏரியில் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். அவற்றை நடுப்பகலில் ஜூம் போட்டு எடுத்தால், முக்காலி வைத்தாலும் படம் அலை அலையாக நெளியும். இது கை நடுக்கம் அல்ல. சூடான காற்று ஒளியை வளைப்பதால் வருவது. கோடையில் தார்ச்சாலை நெளிவது போலத்தான். இதற்குக் கருவி எதுவும் மருந்தாகாது. விடியற்காலையில் போவதே மருந்து.

இரவுத் தெப்பத்திலும், மண்டப மேடையிலும் இன்னொரு தொல்லை: படத்தில் இருட்டுப் பட்டைகள் ஓடுவது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. சில விளக்குகள் அதற்கேற்ப 100 முறை மினுக்கும். செல்போன் அமைப்பில் நொடிக்கு 25 படம் என்றும், ஷட்டரை 50-ல் ஒரு நொடி என்றும் வைக்க முடிந்தால், பெரும்பாலும் இந்தப் பட்டை மறைந்துவிடும்.

மறு வருடம்

மறு வருடம் மாலையிலேயே காணிப்பாக்கம் போய், குளத்தை ஒட்டிய கைப்பிடிச் சுவரில் அரிசிப் பையோடு இடம் பிடித்தேன். மனைவியையும் மகளையும் இரண்டு படி கீழே உட்கார வைத்தேன். பெரும்பாலும் அகலக் காட்சி. தெப்பம் நம் பக்கம் வந்தபோது மட்டும் இரண்டு மடங்கு ஜூம். மொத்தம் 11 நிமிடம்.

ஆரணியில் அம்மா கண்ணை மூடவில்லை. கடைசிவரை பார்த்தார். தெப்பம் கரையை ஒட்டி வந்த இடத்தில், "கொஞ்சம் நிறுத்து கண்ணு" என்றார். எனக்குத் திக்கென்றது. திரையின் ஓரத்தைக் காட்டி, "அந்தப் பாவாட கட்டினு குந்தியிருக்கறது நம்ம பாப்பாவா? எவ்ளோ ஒசரமா வளந்துட்டா!" என்றார்.

முதல் வருடத்து 40 நிமிட வீடியோவில் பாப்பா ஒரு நொடிகூட இல்லை. நான் ஜூம் போட்டுச் சாமியின் மாலையை மட்டும்தான் எடுத்திருந்தேன்.

வருகிற பொங்கல் விழாவுக்கு வரும்போது, செல்போனோடு ஓர் அரிசிப் பையும் கொண்டு வாருங்கள். முன் வரிசையில் சந்திப்போம்.