சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம்: 1941 வேலைநிறுத்தம்

மலாயாத் தோட்டங்கள் கூலியைக் குறைத்ததையடுத்து, கங்காணி (தொழிலாளரைத் திரட்டிய மேற்பார்வையாளர்) முறை முதலிய வழிகளில் உதவி பெற்றுத் தொழிலாளர் இங்கு வருவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. 1941இல் கிள்ளானில் எழுந்து கோலசிலாங்கூர்த் தோட்டங்கள் வரை பரவிய வேலைநிறுத்தத்தில், ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்னின்றனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரை எனப்பட்ட ஐரோப்பிய மேலாளர் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் தொழிலாளர் கேட்டனர். அவர்களின் தன்மானம் எவ்வளவு ஆழமாகப் புண்பட்டிருந்தது என்பதைக் கூலிக் கணக்கைவிட இந்தக் கோரிக்கையே தெளிவாக உணர்த்துகிறது. மே மாதம் நாதன் கைதாகிப் பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்; சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, இந்தியப் படையினரும் வரவழைக்கப்பட, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் தரையிறங்கியது.