கதிரொளியும் ஒரு விளைச்சலே

கதிரவன் எவரிடமும் கூலி கேட்பதில்லை. செல்வரின் மாடியிலும் ஏழையின் கூரையிலும் அவன் ஒளி ஒரே அளவாகவே விழுகின்றது. ஆனால் அவ்வொளியை மின்சாரமாக மாற்றும் தகடுகள் வானத்திலிருந்து விழுவதில்லை. அவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டும். பழுது பார்க்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும். தனி ஒருவருக்குப் பெருஞ்சுமையாகும் இதனை அண்டை அயலார் கூடிச் சுமக்க இயலுமா? இயலும் என்று காட்டியுள்ளனர் குஜராத் உழவர் சிலர்.

காந்தியடிகள் 1918ஆம் ஆண்டு உழவர்களுக்காக அறப்போர் நடத்திய கேடா மாவட்டத்தை வாசகர்கள் அறிவார்கள். 1946இல் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் தோன்றி, பின்னர் 'அமுல்' என்ற பெயரால் நாடெங்கும் புகழ் பெற்றதும் அந்த மண்ணிலேதான். அம்மாவட்டத்தின் டுண்டி என்னும் சிற்றூரில், 2016ஆம் ஆண்டு, ஆறு உழவர்கள் சேர்ந்து சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தனர்.

அதுவரை அவர்கள் டீசல் எஞ்சினால் நீர் இறைத்து வந்தவர்கள். விளைச்சலில் ஒரு பகுதி டீசலுக்கே கரைந்தது. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் அவர்களுக்குத் துணை நின்றது. ஆறு வயல்களிலும் சேர்த்து ஏறத்தாழ 56 கிலோவாட் திறனுள்ள தகடுகள் நிறுவப்பட்டன. தேவையான போது அம்மின்சாரம் மோட்டாரை ஓட்டும். எஞ்சியது கம்பி வழியே மின் வழங்கும் நிறுவனத்திற்குச் செல்லும். யூனிட் ஒன்றுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள அந்நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. அதற்கு ஈடாக, மானிய விலை மின்னிணைப்பு கேட்கும் உரிமையை உழவர்கள் அக்காலம் முழுவதற்கும் விட்டுக்கொடுத்தனர்.

இங்கே கூட்டுரிமையின் பயனைக் கவனியுங்கள். ஆறு சிறு உழவர்களிடம் தனித்தனியே மீட்டர் பார்த்துப் பணம் பட்டுவாடா செய்வது மின் நிறுவனத்திற்குப் பெருந்தொல்லை. சங்கம் இருப்பதால் அந்நிறுவனத்திற்கு ஓரிடத்தில் ஒரே மீட்டர் போதும். அதற்குள்ளே யார் எவ்வளவு கொடுத்தார் என்று கணக்கிட்டுப் பங்கிடுவது சங்கத்தின் வேலை. ஒருவர் கணக்கில் பிழை செய்தால் பாதிக்கப்படுபவர் பக்கத்து வயல்காரர். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவருக்குக் காவலராகின்றனர்.

இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. அது நிலத்தடி நீரைப் பற்றியது. வெறும் சூரிய மோட்டாரை மட்டும் ஓர் உழவரிடம் கொடுத்துவிட்டால் என்ன நிகழும்? நீர் இறைக்கச் செலவே இல்லை. பகல் முழுவதும் மோட்டார் ஓடலாம். கிணறு வற்றும், அயலாரின் கிணறும் வற்றும். டுண்டியில் நிலை வேறு. வீணாக இறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் விற்றிருக்கக்கூடிய பணம். கோதுமையைப் போலக் கதிரொளியும் ஒரு விளைச்சலாகிவிட்டால், அதனை வீணாக்க எவருக்கு மனம் வரும்? சட்டம் அதட்டிச் செய்ய முடியாததை, நேர்மையான ஒரு விலை அமைதியாகச் செய்துவிடுகின்றது!

எல்லாம் எளிதாக நடந்தது என்று எண்ணிவிடலாகாது. தொடக்கத்தில் கிலோவாட்டுக்கு 5,000 ரூபாய் மட்டுமே உழவர்கள் செலுத்தினர். பெருஞ்செலவை அந்த ஆய்வு நிறுவனமே ஏற்றது. முதற்காலத்தில் ஊக்கத்தொகையும் அளித்தது. ஆயினும் பின்னர்ச் சேர்ந்த மூவர் கிலோவாட்டுக்கு 25,000 ரூபாய் கொடுத்து உள்ளே வந்தனர். அயலான் வயலில் கண்ணால் கண்ட பயனே அவர்களை அழைத்தது. 2018ஆம் ஆண்டு குஜராத் அரசும், 2019இல் நடுவண் அரசும், உழவர் தம் மிகு மின்சாரத்தை விற்க வழிசெய்யும் திட்டங்களை வகுத்தன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், படைப்பைப் பேணுதல் குறித்து 2015இல் வெளியிட்ட தமது சுற்றுமடலில், இத்தகைய மின் கூட்டுறவுகளை நன்மாதிரியாகச் சுட்டிக்காட்டியுள்ளார். பெரிய அரசுகள் தயங்கும் இடத்திலும் சிற்றூர் மக்கள் கூடிச் செயலாற்ற முடியும் என்பதே அவர் கருத்து.

தமிழகத்தில் உழவரின் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். அது ஏழை உழவரைக் காத்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஆழமாகிக்கொண்டே போகும் ஆழ்குழாய்க் கிணறுகள் நம்மிடம் ஒரு கேள்வியை எழுப்புகின்றன. நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லப் போவது என்ன? வயலையா, வற்றிய கிணற்றையா? ஒளி ஏற்கெனவே நம் எல்லார்மீதும் விழுந்துகொண்டிருக்கின்றது. அதனைப் பகிர்ந்துகொள்ள வேண்டுவன ஒரு கணக்குப் புத்தகமும், வரப்பைத் தாண்டி அயலாரோடு அமர்ந்து பேசும் மனமுமே.