சிவப்பா, நீலமா?

ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த உயிர்கள் தமக்குள் கூடி, மலடில்லாத குஞ்சுகளைத் தரும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் 1942இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் சிற்றினத்துக்கு வகுத்த இலக்கணம் இயற்கையில் வாழும் கூட்டங்களையே கணக்கில் கொள்கிறது. அலங்கார மீன் வளர்ப்பில் இதுதான் அடிக்கடி மறந்துபோகிறது. கண்ணாடித் தொட்டியில் தன் இனத் துணை கிடைக்காத மீன், நெருங்கிய உறவு மீனோடு கூடிவிடும். குஞ்சு பிறந்துவிட்டதாலேயே இரண்டும் ஒரே இனம் ஆகிவிடாது.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வாழும் சிக்லிட் மீன்கள் இதற்குத் தெளிவான சான்று. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வற்றிக் கிடந்த அந்த ஏரி மீண்டும் நிரம்பிய பின், ஏறத்தாழ 500 சிக்லிட் சிற்றினங்கள் அங்கே பெருகின. பன்டாமிலியா என்ற பேரினத்தில் உள்ள இரண்டை மட்டும் பார்த்தாலே சிக்கல் புரியும். ஒன்றில் ஆணின் முதுகு சிவப்பு, விலா மஞ்சள்; தான்சானியாவின் முன்னாள் தலைவர் ஜூலியஸ் நைரேரேயின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. மற்றதில் ஆண் நீலச் சாம்பல். பெண் மீன்களோ இரண்டிலும் மங்கலானவை. பார்த்துப் பிரிப்பது கடினம். கலப்பில் பிறக்கும் குஞ்சுகளும் மலடல்ல. ஆனாலும் தெளிந்த நீரில் இவை பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் பெரும்பாலும் கலப்பதில்லை. பெண் மீன் நிறம் பார்த்தே துணையைத் தேர்வதுதான் காரணம்.

1990களில் உயிரியலாளர் ஓலே சேஹாவ்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்தார்கள். வெள்ளை வெளிச்சத்தில் பெண் மீன்கள் தம் இன ஆணையே நாடின. நிற வேறுபாடு தெரியாத ஒற்றை நிற வெளிச்சத்தில் அந்தத் தேர்வு குலைந்தது. ஏரியிலும் அப்படியே: கழிவுநீரும் வயல் மண்ணும் சேர்ந்து கலங்கிய பகுதிகளில் இடைப்பட்ட நிறமுள்ள கலப்பு மீன்கள் காணப்படுகின்றன. செதில் எண்ணிக்கையும் பல்லின் வடிவமும் வகைப்பாட்டுக்கு உதவும், மரபணுவும் உதவும். ஆனால் இவ்வளவு இளைய இனங்களில், வாழிடத்தையும் துணைத் தேர்வையும் விட்டுவிட்டு எடுக்கும் முடிவு அரைகுறையானதே.

வீட்டுத் தொட்டிகளில் நிறைந்திருக்கும் கப்பி மீனுக்கும் இதே நிலைதான். வெனிசுலாவின் எண்ட்லர் மீன் 2005இல் தனிச் சிற்றினமாகப் பெயர் பெற்றது. கப்பியோடு அது எளிதில் கலக்கும். எண்ட்லர் என்று கடைகளில் விற்கப்படுபவற்றில் கலப்பினங்கள் ஏராளம். இரண்டையும் வளர்ப்பவர்கள் தனித்தனித் தொட்டிகளில் வையுங்கள். கலப்பில் பிறந்த குஞ்சுகளை எண்ட்லர் என்ற பெயரில் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.