சிரட்டையில் பெயர் பொறிக்கலாம்... லேசர் இயந்திரத்தில் கவனிக்க வேண்டிய மூன்று அளவுகள்!

தேங்காய் உடைத்தபின் அடுப்புக்குப் போகும் சிரட்டை, மெருகேற்றிப் பெயரோ கோலமோ பொறித்தால் பரிசுப்பொருளாகிவிடும். இதை நம்பிக் கடன் வாங்கி லேசர் இயந்திரம் வாங்கும் குழுக்கள், அளவு தெரியாமல் முதல் வாரத்திலேயே சிரட்டைகளைக் கருக்கிவிட்டு, இயந்திரத்தை மூடி வைத்துவிடுவதும் உண்டு. குறை பெரும்பாலும் இயந்திரத்தில் இருப்பதில்லை, அளவுகளில்தான்.

திறனும் வேகமும்

கைத்தெளிப்பானில் மருந்தடிப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வேகமாக நடந்தால் மருந்து குறைவாகப் படும். ஓரிடத்தில் நின்றால் இலை கருகும். லேசரும் அப்படியே. திறன் சதவிகிதத்திலும், வேகம் நிமிடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும் குறிக்கப்படும். 60% திறனில் 3,000 வேகமும், 30% திறனில் 1,500 வேகமும் ஒரே நீளத்துக்கு ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் கொடுக்கும். கோடு கருகினால் வேகத்தைக் கூட்ட வேண்டும். மங்கினால் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

குவியம்

பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிக்கும்போது, ஒளி புள்ளியாகக் குவிந்தால்தான் பற்றும். இயந்திரத்தோடு வரும் அளவுக்கட்டையை வைத்து லேசர் தலையின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். சிரட்டை வளைந்தது என்பதால் நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் விழும். எனவே, சிறிய எழுத்துகளில் தொடங்குவது நல்லது. வரிகளின் இடைவெளியை 0.1 மில்லிமீட்டரில் வைத்து ஆரம்பிக்கலாம்.

சோதனைக் கட்டங்கள்

விதைப்புக்கு முன் முளைப்புத்திறன் பார்ப்பதுபோல, இதற்கும் ஒரு சோதனை உண்டு. வேகம் 1,000, 2,000, 3,000, 4,000. திறன் 20, 40, 60, 80 சதவிகிதம். கழிவுப் பலகையில் இந்த 16 சேர்க்கைகளையும் சிறு கட்டங்களாகப் பொறித்து, பிடித்த கட்டத்தின் அளவை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அதே அளவை உடைந்த சிரட்டைத் துண்டு ஒன்றில் பார்த்துவிட்டு, பிறகு நல்ல சிரட்டையில் கை வைக்கலாம். சிரட்டை நார் நீங்கி, உப்புத்தாளால் தேய்த்து, நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நிறம் திட்டுத்திட்டாக விழும்.

உயிருக்கு முதலிடம்

லேசர் ஒளி, எதிரொளித்து வந்தால்கூட, கண்பார்வையைப் பறிக்கலாம். அந்த இயந்திரத்தின் ஒளிக்கென உள்ள பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது. ஓடும் இயந்திரத்தை விட்டு ஒருபோதும் நகரக் கூடாது, தீப்பிடிக்கும். பக்கத்தில் தண்ணீர் அல்ல, தீயணைப்பான் இருக்கட்டும். புகை வெளியேற வழி தேவை. பி.வி.சி., ரெக்சின் ஆகியவற்றில் பொறிக்கவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலைக் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

வாங்கும்போது ஒரு கேள்வி: பெட்டியில் எழுதியிருக்கும் வாட், மின்சாரம் எடுக்கும் அளவா, லேசர் ஒளியின் திறனா? ஒளியின் திறனைக் கேட்டு, கடையிலேயே ஒரு சிரட்டையில் பொறித்துப் பார்த்தபின் பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.