விருந்தினர் கண்ணில் நம் ஊர்

ஒரு நாட்டின் பள்ளி மாணவர்கள் மற்றொரு நாட்டுப் பள்ளிக்குச் சென்று, சில காலம் தங்கிப் பயின்று திரும்புவதை மாணவர் பரிமாற்றத் திட்டம் என்கிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தகைய திட்டங்கள் பெருகின. போர்க்களங்களில் காயமுற்றோரை ஏற்றிச் சென்ற ஏ.எஃப்.எஸ். எனும் அமெரிக்கத் தொண்டூழிய அமைப்பு, 1947-ஆம் ஆண்டில் 10 நாடுகளைச் சேர்ந்த 52 மாணவர்களை அமெரிக்கப் பள்ளிகளுக்கு வரவழைத்தது. இளமையிலேயே ஒருவரையொருவர் அறிந்துகொண்டால் நாடுகளிடையே பகைமை குறையும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. 2007-ஆம் ஆண்டில் ஜப்பான் அரசு அறிவித்த ஜெனிசிஸ் திட்டமும் இந்நோக்கம் கொண்டதே. ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 இளையோரை ஜப்பான் அழைத்த அத்திட்டத்தில் மலேசிய மாணவர்களும் பங்கேற்றனர்.

பரிமாற்ற வருகைக்குப் பெரும்பாலும் இரு கூறுகள் உண்டு. ஒன்று பயிலரங்கு, மற்றொன்று பண்பாட்டுச் சுற்றுலா. பயிலரங்கில் கைகள் கற்கின்றன. சுற்றுலாவில் கண்கள் கற்கின்றன. சான்றாக, பத்தேக் துணியைக் கடையில் பார்ப்பவருக்கு அதன் அழகு மட்டுமே தெரியும். சந்திங் எனும் கருவியில் உருகிய மெழுகை ஊற்றிக் கோடு வரைபவருக்கோ, மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது என்ற நுட்பமும் விளங்கும். கோலம் போடுவதும் அவ்வாறே. புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் கோடுகள் வந்து சேரா. தரையில் அமர்ந்து இருவர் ஒரே கோலத்தை வரையும்போது மொழி தெரியாத நிலையிலும் பேச்சு பிறக்கிறது.

கோலாலம்பூருக்கு வரும் மாணவர்களுக்கு ஏற்ற இடங்களுள் ஒன்று பிரிக்ஃபீல்ட்ஸ். இங்குச் செங்கல் எதுவும் காணப்படவில்லையே, பிறகு ஏன் இந்தப் பெயர் என்று விருந்தினர் கேட்கக்கூடும். 1881-ஆம் ஆண்டில் பெருந்தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரைச் சிதைத்தன. அதன் பின்னர், மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. அவற்றுக்கு வேண்டிய செங்கற்கள் தயாரிக்கப்பட்ட இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். பின்னாளில் இரயில்வே பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் இங்கு அமைந்தன. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர் பலர் இரயில்வேயில் உழைத்தனர். அவர்கள் வாழ்ந்த ‘நூறு வீடுகள்’ குடியிருப்பு இன்று இல்லை, அது இடிக்கப்பட்டுவிட்டது.

எஞ்சியவையும் பல. 1904-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமம், சிங்கள பௌத்தர்கள் நிறுவிய மகா விகாரை, இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில், தேவாலயங்கள், இந்திய முஸ்லிம்களின் தொழுகையிடம் ஆகியவை நடந்து சென்று பார்க்கும் தொலைவிலேயே உள்ளன. மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இங்கு இயங்குகிறது. நடைபாதையில் பதிக்கப்பட்ட மேடுள்ள கற்கள் யாருக்காக என்பதை ஒரு விருந்தினர் கேட்டால், உள்ளூர் மாணவர் அதற்கும் விடை கூற வேண்டும். சாலையோரத்தில் பூ தொடுப்பவரிடம் சற்று நேரம் நின்றால் அதுவும் ஒரு பயிலரங்கே.

அங்கிருந்து கிள்ளானுக்கு இரயிலில் செல்லலாம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவரை 1886-ஆம் ஆண்டில் இரயில் பாதை திறக்கப்பட்டது. உள்நாட்டு ஈயம் கடலை அடைய அது வழிவகுத்தது. 1901-ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-இல் அது போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது. கிள்ளான் நகரில் சிலாங்கூர் சுல்தானின் அரண்மனையும், 1909-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் அமைந்த சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகமும் உள்ளன. சுந்தரராஜப் பெருமாள் கோயிலும், ஜாலான் தெங்கு கிளானாவிலுள்ள துணிக்கடைகளும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் இந்நகருக்கு மற்றொரு முகத்தைத் தருகின்றன. அரச நகரும் துறைமுக நகரும் தமிழர் கூடும் நகரும் இங்கு ஒன்றே.

எனினும், இத்தகைய வருகை வெறும் நிழற்படங்களோடு முடிந்துவிடும் ஆபத்தும் உண்டு. வண்ணத் துணியும் நடனமும் மட்டும் காட்டப்பட்டால், நாம் என்றும் விழாக்கோலத்திலேயே வாழ்பவர் என விருந்தினர் எண்ணிவிடுவர். ‘நூறு வீடுகள்’ இருந்த இடத்தில் இன்று படமெடுக்க எதுவும் இல்லை. அங்கு வாழ்ந்தவர்களைப் பற்றி உள்ளூர் மாணவர் சொல்லாவிட்டால், விருந்தினர் அவ்விடத்தை வெற்றிடமாகவே கடந்து செல்வர். சொல்ல வேண்டுமெனில், அம்மாணவர் முதலில் தம் தாத்தா பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, பரிமாற்றம் விருந்தினருக்கு மட்டும் உரிய பாடமன்று. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என அயலார் கேட்கும்போதுதான், அதை நாமும் அறியவில்லை என்பது புலப்படுகிறது. அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவர், வெளிநாடு செல்லாமலேயே பரிமாற்றத்தின் முழுப் பயனையும் அடைகிறார்.