செஞ்சி பஸ்ஸில் ஒரு சரித்திரப் பாடம்

திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒரு பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். “செஞ்சி, செஞ்சி, செஞ்சி!” என்று ஒரு குரல். “வந்தவாசி ஏறு, வந்தவாசி!” என்று இன்னொரு குரல். இரண்டையும் அமுக்கிக்கொண்டு “பாண்டி, பாண்டி!” என்று மூன்றாவது ஆசாமி தொண்டை கிழியக் கத்துவார். மரக்காணத்துக்கு ஒரு வண்டி உறுமிக்கொண்டிருக்கும். ஜனங்கள் மூட்டையும் முடிச்சுமாக ஏறுவார்கள், இறங்குவார்கள். ஒரு சரித்திரப் புத்தகத்தின் பொருளடக்கத்தை யாரோ உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைவு அவர்களில் ஒருவருக்கும் இருக்காது.

எனக்கும்தான் இருந்ததில்லை. அறுபது வயதுக்குமேல் அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தங்கை மகளின் அரையாண்டுப் பரீட்சை.

பெண் பிளஸ் டூ படிக்கிறாள். எழுத்துத் தேர்வுக்கு 90 மார்க். சரித்திரத்தில் அவள் வாங்கியது 29. விடைத்தாளை என்னிடம் நீட்டும்போது அவள் கை நடுங்கியது. வாங்கிப் பார்த்தேன். காங்கிரஸ் மகாசபை 1905-ல் தோன்றியது என்றும், வங்காளம் 1885-ல் பிரிக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. வங்காளத்தைப் பிரித்த கர்சன் பிரபுவுக்கு 1885-ல் வயது 26. அவர் வைஸ்ராயாக வருவதற்கு இன்னும் பதினாலு வருஷம் பாக்கி!

“சிரிக்காதீங்க மாமா. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கண் முழிச்சுப் படிச்சேன். எல்லா வருஷமும் தெரியும். எது எதுக்குன்னுதான் மறந்துபோச்சு. நான் பரீட்சைக்குப் போகலை. ஏதாவது கம்பெனி வேலைக்குப் போயிடறேன்” என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் முதல் பெண் அவள்தான். ஆனால் அவள் எடுத்தது கலைப் பிரிவு. “கணக்கு வராத பெண்தானே சரித்திரம் எடுக்கும்?” என்று தெருவில் நாலு பேர் பேசுவது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. இந்தப் பேச்சு எனக்கும் பழக்கம். தமிழ்நாட்டில் முதன்முதலாக 1980-ல் பிளஸ் டூ பரீட்சை எழுதிய கூட்டத்தில் நானும் ஒருவன். அப்போது பாடத்துக்கு 200 மார்க். சரித்திரம் எடுத்தவனை அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தார்கள். மார்க் 200-லிருந்து 100 ஆகிவிட்டது. பார்வை மாத்திரம் அப்படியே இருக்கிறது.

அன்றிரவு மாப்பிள்ளை, அதாவது பெண்ணின் தகப்பனார், வேலை முடிந்து வந்தார். அவர் பஸ் கண்டக்டர். விடைத்தாளைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

“ஏம்மா, இந்த வருஷத்தையெல்லாம் ஒண்ணொண்ணா தனித்தனியாவா மனப்பாடம் பண்றே?” என்று கேட்டார்.

“ஆமாம்ப்பா.”

“பின்னே எப்படி நிக்கும்? என் ரூட்டிலே எத்தனை ஸ்டேஜ் இருக்கு தெரியுமா? நான் ஒண்ணையும் தனியா ஞாபகம் வச்சுக்கறதில்லை. வந்தவாசி போற வண்டி தெள்ளாறு தாண்டாம வந்தவாசிக்குப் போகுமா? முன்னாலே எது, பின்னாலே எதுன்னு தெரிஞ்சா டிக்கெட் தானா கிழியும்.”

சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். எனக்கோ சாதம் இறங்கவில்லை. எத்தனையோ உபாத்தியாயர்கள் எனக்குச் சொல்லாத சூட்சுமத்தை இந்த மனிதர் மோர் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாரே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணை அழைத்துக்கொண்டு செஞ்சி பஸ்ஸில் ஏறினேன். தங்கை வாசல் வரை வந்து சண்டை பிடித்தாள். “செஞ்சிக் கோட்டையெல்லாம் போன வருஷப் பாடம் அண்ணா. இந்த வருஷப் பரீட்சைக்கு வராத பாடத்துக்கு ஊர் சுத்தணுமா?” அவள் சொன்னது வாஸ்தவம். பல்லவரும் மராட்டியரும் ஐரோப்பியரும் பதினோராம் வகுப்புப் புத்தகம். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பதினைந்து பாடங்கள். தேசிய இயக்கத்தின் எழுச்சியில் தொடங்கி, ஐரோப்பியப் புரட்சிகளையெல்லாம் சுற்றி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய உலகத்தில் போய் முடிகிறது. ஆனால் முதல் வண்டியைத் தவறவிட்டவளை இரண்டாவது வண்டியில் எப்படி ஏற்றுவது?

ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்து மதில். கல்யாண மகாலின் நிழலில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்டேன்: “டில்லிப் பாதுஷாவின் சேனை இங்கே வந்து 1690 முதல் 1698 வரை ஏன் காவல் கிடந்தது?”

விழித்தாள். வருஷத்தைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ‘ஏன்’ என்று அவளை யாரும் கேட்டதில்லை போலும்.

சங்கிலியைப் பின்னாலிருந்து பிடித்தோம். 1677-ல் சிவாஜி தெற்கே வந்து இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். 1689-ல் அவருடைய மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் பிடித்துக் கொன்றார். மராட்டியத் தலைநகரமான ராய்கட்டும் விழுந்தது. இளைய மகன் ராஜாராமுக்கு எட்டாத தூரத்தில் ஒரு புகலிடம் வேண்டும். தகப்பனார் சம்பாதித்து வைத்த செஞ்சி இருந்தது, வந்துவிட்டார். அரசர் இருக்கும் இடம்தானே தலைநகரம்? ஆகவே பாதுஷாவின் தளபதி சுல்பிகார் கானும் பின்னாலேயே வந்தார். 1698-ல் கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். முற்றுகையிட்டவர்களுக்கு மிஞ்சியது மலையும் செலவுக் கணக்கும்தான்.

“தேசிங்கு ராஜா எங்கே மாமா?” என்றாள். தெருக்கூத்தில் கேட்ட பெயர். அதற்கு இன்னும் பதினாறு வருஷம் தள்ளி, 1714-க்கு வரவேண்டும். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டையிட்டு மாண்டவர் அவர். நாட்டுப்பாட்டில் அவர் கதை ஒரு மாதிரி. எழுதி வைத்த குறிப்புகளில் வேறு மாதிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் சரித்திரக்காரனுடைய பிழைப்பு. 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இதே கோட்டையைப் பிடித்தார். 1761-ல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே, அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி.

திரும்பும்போது விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டுக்கும் போனோம். பாறையைக் குடைந்து செய்த சிறிய கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இதை எடுப்பித்ததாக மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டில் பெருமை அடித்துக்கொள்கிறான். பெண் அதைக் கேட்டதும் சொன்னாள்: “அப்படின்னா அதுக்கு முன்னாலே கோயிலையெல்லாம் செங்கல், மரத்தாலே கட்டியிருக்காங்க. அதனாலேதானே இவன் ‘அது இல்லாம கட்டினேன்’னு சொல்லிக்கிறான்?”

அடேயப்பா! இதைத்தான் சான்றிலிருந்து செய்தியை எடுப்பது என்பார்கள். 29 மார்க் வாங்கிய பெண்ணா இப்படிப் பேசுகிறாள்!

அடுத்த வாரம் வந்தவாசி. வழியில் தெள்ளாறு வந்தது. அதன் பெயரை நான் தகப்பனாரின் ஸ்டேஜ் கணக்கில் மட்டும் விட்டுவிட விரும்பவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் பாண்டியனை முறியடித்த களம் அது. ‘தெள்ளாறெறிந்த’ என்ற பட்டமே அவனுக்கு உண்டு. நந்திக் கலம்பகத்தின் பாட்டுடைத் தலைவன் அவனே. ஒரே டிக்கெட்டில் இரண்டு போர்க்களம் பார்க்கிற பாக்கியம் எத்தனை ஊர் மாணவர்களுக்குக் கிடைக்கும்?

வந்தவாசியில் பார்ப்பதற்கு இடிந்த கோட்டையின் மிச்சங்கள்தான். ஆனால் யோசிப்பதற்கு நிறைய இருக்கிறது. 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை இங்கே தோற்கடித்தார். புஸ்ஸி கைதியானார். சரியாக ஒரு வருஷத்தில், 1761 ஜனவரியில், புதுச்சேரி சரணடைந்தது. ஏன் தோற்றார்கள்? ஆங்கிலேயருக்கு 1757-க்குப் பிறகு வங்காளத்துப் பணம் வந்துகொண்டிருந்தது. கடலில் கப்பல் பலம் இருந்தது. லாலிக்குச் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கவே வழியில்லை. 1766-ல் பாரிஸில் அவருடைய தலையை வாங்கிவிட்டார்கள், பாவம்.

இந்த இடத்தில்தான் தங்கையின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்த ஏழாண்டுப் போரில் பிரான்ஸ் பட்ட கடன் தீரவில்லை. 1778-ல் அமெரிக்கர்களுக்கு உதவியாக மறுபடியும் இங்கிலாந்தோடு போருக்குப் போனார்கள், கடன் மலையாகிவிட்டது. கஜானா காலியான மன்னர் வரி கேட்பதற்காக 1789-ல் பொதுச் சபையைக் கூட்டினார். ஜூலை 14-ல் பாஸ்டில் சிறை உடைந்தது. புரட்சிக்குப் பசியும் பட்டினியும், பிரபுக்கள் வரி கட்டாமல் தப்பியதும், புதிய கருத்துக்களும் காரணம்தான்; ஆனால் அந்தக் கடன் கணக்கில் வந்தவாசிக்கும் ஒரு பற்று உண்டு. இது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம், ‘புரட்சிகளின் காலம்’.

பெண் நோட்டை எடுத்து அங்கேயே எழுதினாள். தங்கையும் அதற்குப் பிறகு வாசலில் சண்டை பிடிக்கவில்லை.

மற்றவற்றை விரிக்க இடமில்லை. மரக்காணத்து உப்பளத்தில் வெள்ளைப் பாத்திகளைப் பார்த்தவளுக்கு, கடலும் வெயிலும் சும்மா தருவதன்மேல் சர்க்கார் வரி போட்டால் ஏன் ஒரு தேசமே 1930-ல் கொதித்தெழுந்தது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று, துய்ப்ளேயின் துபாஷி தமிழில் தினம் தினம் எழுதிவைத்த நாட்குறிப்பைப் பற்றிப் பேசினோம். கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேரச் சம்மதித்த கதையையும் பேசினோம். 1908-ல் பாரதியார் புதுச்சேரிக்கு ஏன் வந்தார் என்று கேட்டேன். பதில் சங்கிலியாகவே வந்தது: 1905-ல் வங்கப் பிரிவினை; அதனால் சுதேசி இயக்கம்; 1906-ல் வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி; 1907-ல் சூரத்தில் பிளவு; 1908-ல் வ.உ.சி. கைது, ஆங்கிலச் சட்டம் எட்டாத இடம் தேடிப் பாரதி புதுவைக்கு. கர்சன் பிரபு தம்முடைய சரியான ஸ்டேஜில் ஏறி, சரியான ஸ்டேஜில் இறங்கினார்!

ஓமந்தூரைச் சொல்லாவிட்டால் எங்கள் பக்கத்து ஜனங்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். திண்டிவனத்துக்கு அடுத்த அந்த ஊர்க்காரர் ராமசாமி ரெட்டியார்தான் 1947 ஆகஸ்டு 15 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமர். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை இரண்டே வருஷம். அதற்குள் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம். பாரதி பாடல்களின் உரிமையை அரசாங்கம் ஏற்றதும் அவர் காலத்தில்தான். புத்தகத்தில் வரும் பெரிய மாறுதல்கள் எங்கோ டில்லியில் நடந்தவை என்று நினைத்திருந்த பெண்ணுக்கு, அந்த டவுன் பஸ் பிரயாணம் ஓர் அதிர்ச்சி.

இதற்காகப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஊர் சுற்றினால் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வினாத்தாள் வினாத்தாள்தான். ஒரு மார்க் கேள்வி 20. இரண்டு மார்க்கில் ஏழு, மூன்று மார்க்கில் ஏழு, ஐந்து மார்க்கில் ஏழு எழுத வேண்டும். ஐந்து மார்க் மாத்திரமே 35 வந்துவிடுகிறது. அங்கேதான் வருஷத்தை மட்டும் நெட்டுருப் போட்டவர்கள் கவிழ்கிறார்கள். ஒரு மார்க்கிலும் ‘கூற்று - காரணம்’ என்று ஒரு வகை உண்டு. இரண்டு வாக்கியமும் உண்மையாக இருக்கும். ஒன்று மற்றதற்குக் காரணமா என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால், அந்த ஒரு கேள்விதான் சரித்திரம். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிஷம் கொடுக்கிறார்களே, அதைப் பிள்ளைகள் சாமி கும்பிட்டே செலவழித்துவிடுகிறார்கள். எந்த ஐந்து மார்க் கேள்வியைத் தொடுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டால், சாமியும் கோபித்துக்கொள்ளாது.

தினம் ஒரு பாடத்தின் ‘ஸ்டேஜ் லிஸ்ட்’ தயாரித்துச் சுவரில் ஒட்டினாள். முதல் நிறுத்தம், கடைசி நிறுத்தம், நடுவே என்னென்ன, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏன் வண்டி நகர்ந்தது. பார்க்காமல் எழுதிப் பார்ப்பாள். தவறிய இடத்தில் சிவப்பு மை. ஜனவரித் திருப்புதல் தேர்வில் 61 வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் கேள்விக்கு வந்தவாசியையும் சேர்த்து எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்து அம்மா அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அப்புறம் அதை அடித்துவிட்டு, முழு மார்க் போட்டிருந்தார்கள்.

இதை எழுதும்போது பொதுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. நேற்று ராத்திரி பெண் பன்னிரண்டாவது பாடத்தில், ஐரோப்பாவில் அமைதியின்மை என்ற இடத்தில், வந்து சிக்கிக்கொண்டாள். இத்தாலி ஒன்றுபட்ட கதை. மாஜினி, கவூர், கரிபால்டி மூவரும் அவள் தலைக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இத்தாலிக்கு இங்கிருந்து எந்த பஸ் மாமா?” என்றாள் சலிப்போடு.

நான் முழித்தேன். திண்ணையில் அன்றைய வசூலை எண்ணிக்கொண்டிருந்த மாப்பிள்ளை தலை நிமிராமலே பதில் சொன்னார்:

“நேர் பஸ் கிடையாது. பாண்டியிலே இறங்கி வண்டி மாறணும்.”

பெண் ஒரு கணம் யோசித்தாள். பிறகு பென்சிலை எடுத்து, ‘பிரான்ஸ் - 1789’ என்று முதல் நிறுத்தம் எழுதி, அதன் கீழே ‘நெப்போலியன் இத்தாலிக்குள் நுழைதல் - 1796’ என்று எழுத ஆரம்பித்தாள்.